ஐந்துக்கு இரண்டு

போன மாதம் சிவநேசன் போன் செய்தார். நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த பல்கலைக்கழகத் துறையில் இப்போது கள ஆய்வுகளுக்கு அவர்தான் பொறுப்பு. தொழிற்சாலைகளில் மேலாளர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் நிர்வாகம் செய்யும் விதத்துக்கு மதிப்பெண் போடுவது எங்கள் வேலை. இனி அதைக் கணினி செய்யப்போகிறதாம். ஒலிப்பதிவைக் கொடுத்தால் போதும், அதுவே எழுத்தாக்கி அதுவே எண்ணும் போட்டுவிடுகிறது.

"அக்கா, முந்தி நாங்கள் கையால செய்த முறையை ரெண்டு பக்கத்தில எழுதித் தாங்கோ. கோப்பில வைக்க வேணும்" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த இரண்டு பக்கத்தில் சேர்க்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதல்ல. கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஐந்து வருடம் இருந்தேன். மாலை வகுப்பில் எம்.பி.ஏ. முடித்தேன். கணவருக்கு ஆக்லாந்தில் ஐ.டி. வேலை கிடைத்து, அங்கே லின்ஃபீல்ட் என்ற பகுதியில் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஒரு வருடம் பாட்டனி டவுன்ஸில் துணிக்கடையில் நின்றேன். பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலை ஒன்று கிடைத்தது. அந்த மூன்று மாதம்தான் இருபத்திரண்டு வருடமாக நீண்டது.

நூற்பாலையில் என்னை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு கூடங்கள். ஒரே பஞ்சு, ஒரே மாடல் இயந்திரங்கள், ஒரே சம்பளம். ஆனால் ஒரு கூடத்தில் மட்டும் நூல் குறைவாக அறுந்தது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். யாரும் பார்த்துச் சொன்னதில்லை. அந்தக் கேள்விக்குச் சம்பளம் கொடுக்கும் வேலையும் உலகத்தில் இருக்கிறது என்று ஆக்லாந்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரே மாதிரியான இரண்டு நிறுவனங்களில் ஒன்று நன்றாக ஓடுகிறது, மற்றொன்று திணறுகிறது. அந்த வித்தியாசத்தில் நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு? எங்கள் ஆய்வு மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

எங்கள் பேராசிரியர் பெயர் மார்கரெட். இங்கே எல்லோரும் பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதற்கு வாய் வரவே ஒரு வருடம் பிடித்தது. அவருடைய அப்பா இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் தொழிலாளியாக இருந்தவர். அதனாலோ என்னவோ, ஆலைக்குள் நுழைந்தால் அவருடைய நடையே மாறிவிடும். மேலாளர் வாசலில் வந்து கை குலுக்கி, வரவேற்பறையிலிருந்து சுற்றிக் காட்டத் தொடங்கினால் நன்றி சொல்லிவிட்டு, பின்பக்கம் லாரி ஏற்றும் இடத்திலிருந்து தொடங்கலாமா என்று கேட்பார். சரக்கு வெளியே போகிற இடத்திலிருந்து, மூலப்பொருள் உள்ளே வருகிற இடம் வரை பின்னோக்கி நடப்பார். வழியில் அறிவிப்புப் பலகை இருந்தால் அதில் எழுதியிருப்பதைப் படிக்கமாட்டார். கடைசியாக ஒட்டிய தாளில் என்ன தேதி என்று மட்டும் பார்ப்பார். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை கூடும். "வசந்தி, உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்" என்று அவர் ஆரம்பித்தால் நான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடந்தது புரியாது. மேலாளருக்குப் போன் செய்து முக்கால் மணி நேரம் பேசுவோம். ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படியான கேள்வி கேட்கக் கூடாது. "உங்கள் ஆலையில் பிரச்சினைகளைப் பதிவு செய்கிறீர்களா?" என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக ஒரு பிரச்சினை வந்ததே, அது உங்களுக்கு எப்படித் தெரியவந்தது?" என்று கேட்கவேண்டும். ஒருவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் இன்னொரு ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். பேட்டி முடிந்ததும் இருவரும் தனித்தனியாக, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடவேண்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமலிருக்க மேசை நடுவில் ஓர் அட்டையை நிறுத்தி வைத்திருந்தார் மார்கரெட். பேனாவால்தான் எழுதவேண்டும். எழுதிய பிறகு பேசலாம், சண்டைகூடப் போடலாம். ஆனால் முதலில் எழுதிய எண்ணை மாற்றக் கூடாது. பேசி வந்த முடிவுக்குத் தனிக் கட்டம் இருந்தது.

இன்னும் இரண்டு விதிகள். மதிப்பெண் போடும்வரை அந்த ஆலையின் லாபம், கழிவு, புகார் எதையும் நாங்கள் பார்க்கக் கூடாது. தெரிந்துவிட்டால் மனம் எண்ணை அதற்கேற்ப வளைத்துவிடும். இரண்டாவது, ஆய்வில் பங்கேற்றதற்கு நன்றியாக ஆலைக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புவோம். எது பலம், எது பலவீனம் என்று அதில் இருக்கும். இருவரும் தனித்தனியாக ஒரே எண் போட்ட தலைப்பு மட்டும்தான் அந்தக் கடிதத்துக்குப் போகலாம்.

அந்த ஆலை நகரின் தொழிற்பேட்டைப் பகுதியான ஈஸ்ட் டாமாக்கியில் இருந்தது. தயிர் டப்பாக்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற இடம். காலை ஷிஃப்ட், பிற்பகல் ஷிஃப்ட் என்று இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். ஒரே கூரையின் கீழ் ஒரே இயந்திரங்களை இரண்டு பேர் மாறி மாறி நடத்துகிறார்கள் என்றால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு அது பலகாரக் கடை. காலைப் பொறுப்பாளரை முதலில் பேட்டி எடுத்தோம். தெளிவாகப் பேசினார். என்ன இலக்கு, எங்கே எழுதி வைத்திருக்கிறார், யாரோடு எப்போது கூடிப் பேசுகிறார் என்று கேட்கக் கேட்க உதாரணத்தோடு சொன்னார். நானும் நான்கு போட்டேன், சிவநேசனும் நான்கு போட்டார்.

பிற்பகல் பொறுப்பாளரின் பெயர் முன்சாமி. ஃபிஜியில் பிறந்தவர். முனுசாமி அங்கே பல தலைமுறைக்கு முன்னாலேயே முன்சாமி ஆகிவிட்டிருந்தது. தமிழில் அவருக்குத் தெரிந்தது வணக்கம் மாதிரி ஒன்றிரண்டு சொற்களும் சில பஜனைப் பாட்டுகளும்தான். பேட்டி முழுக்க ஆங்கிலத்தில். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிரச்சினை வந்தால் உங்களுக்கு எப்படித் தெரியவரும் என்று கேட்டேன். "அவங்க சொல்லுவாங்க" என்றார்.

கடைசியாக என்ன சொன்னார்கள்? மூடி விளிம்பில் பிசிறு வருகிறது என்று. அதைத் தொடர்ந்து கண்காணிக்க என்ன செய்தீர்கள்? "கேட்டேன்." யாரை? "அவங்களைத்தான்." இப்படியே முக்கால் மணி நேரமாக வேண்டிய பேட்டி இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பிரச்சினைகளைக் கண்டறியும் முறை என்ற தலைப்புக்கு நான் இரண்டு போட்டேன். அட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தால் சிவநேசன் மூன்று போட்டிருந்தார்.

அவர் அப்போது சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டு, மறுபக்கம் எங்களிடம் மணிக்கு இவ்வளவு என்ற சம்பளத்தில் வேலை. அவருடைய வேலை நேரம் எழுதும் தாளில் கையெழுத்துப் போடுபவள் நான். அது வெள்ளிக்கிழமை பிற்பகல். நான்கு மணிக்குள் கிளம்பாவிட்டால் மோட்டார்வே நெரிசலில் நின்றுவிடுவேன்.

"மூணுன்னா அதுக்கு ஆதாரம் வேணும் சிவா. அவர் அப்படி என்ன சொன்னாரு? டேப்ல எங்க இருக்குன்னு காட்டுங்க" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்த மனுசன் கனக்கக் கதைக்கேல்லத்தான், அக்கா. ஆனா கதைக்காததுக்காக அவருக்குத் தெரியாது எண்டு நாங்கள் சொல்லேலாதே."

"பேசாததுக்கு நான் எப்படி மார்க் போடுறது?"

நான் புதிய தாள் ஒன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். மாற்றி எழுதுங்கள் என்று வாயால் சொல்லவில்லை. தாளை மட்டும்தான் தள்ளினேன். அவர் அதை எடுத்து எல்லா எண்களையும் திரும்ப எழுதி, அந்த ஒரு கட்டத்தில் மட்டும் இரண்டு என்று போட்டுக் கொடுத்தார். நான் வாங்கிக் கோப்பில் வைத்தேன். நான்கு மணிக்குக் கிளம்பிவிட்டேன்.

நாங்கள் இருவரும் ஒரே எண் போட்டதாகிவிட்டது. ஆகவே அது கடிதத்துக்குப் போனது. பிற்பகல் ஷிஃப்டில் பிரச்சினைகளைக் கண்டறிந்து தெரிவிக்கும் முறை பலவீனமாக இருக்கிறது என்று ஒரு வரி. எழுதியது நான்தான். நல்ல ஆங்கிலம், இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து ஆய்வின் இரண்டாம் கட்டம் வந்தது. மதிப்பெண்களெல்லாம் பூட்டப்பட்டு, இனி ஆலைகளின் கணக்குகளைப் பார்க்கலாம், நேரில் போய் ஒரு நாள் இருந்து கவனிக்கலாம் என்ற கட்டம். ஈஸ்ட் டாமாக்கி ஆலைக்கு நான் மட்டும் போனேன். மார்கரெட் பழக்கிவிட்டபடி பின்பக்கம் லாரி ஏற்றும் இடத்தில் தொடங்கினேன். அங்கே ஸ்கேனரோடு அட்டைப்பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவர், நடைபாதையில் மஞ்சள் கோட்டுக்குள் நிற்கும்படி என்னிடம் சொன்னார். முகம் பார்த்ததில்லை. குரல் தெரிந்தது.

முன்சாமிதானே என்று கேட்டேன். ஆமாம் என்றார். நான் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன், போனில் பேசியது நான்தான் என்றதும் ஸ்கேனரை இடுப்பு உறையில் செருகிவிட்டுக் கை கொடுத்தார். பிற்பகல் ஷிஃப்டில் இல்லையா என்று கேட்டேன். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்ததாகவும், அதன் பிறகு தன்னை இங்கே மாற்றிவிட்டதாகவும், காலைப் பொறுப்பாளரே இப்போது இரண்டையும் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எந்த லாரி எந்தக் கதவுக்கு வரும் என்று சொல்வது மாதிரி சொன்னார். மதிப்பெண் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பேட்டி கொடுப்பவருக்கு அது தெரியக் கூடாது என்பதும் எங்கள் முறைதான்.

அன்று மதியம் வரை நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு அலுவலக அறையில் உட்கார்ந்து, குறை எழுதும் தாள்களைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூடியில் என்ன குறை வந்தது என்று எழுதும் தாள். முன்சாமி இருந்த மாதங்களில் பிற்பகல் தாள்கள் நிரம்பி வழிந்தன. காலைத் தாள்களில் அதில் பாதிகூட இல்லை. இதை மட்டும் பார்த்தால் என் இரண்டு சரிதான். பிற்பகலில் அவ்வளவு குறை. ஆனால் வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய மூடிகளின் பட்டியலும் பக்கத்தில் இருந்தது. பெட்டியில் ஷிஃப்ட் எண் அச்சாகும். திரும்பி வந்தவற்றில் பெரும்பாலும் காலைப் பெட்டிகள்.

அதிகக் குறை எழுதிய ஷிஃப்டிலிருந்து ஏன் குறைவாகத் திரும்பி வருகிறது? நூற்பாலைக்குப் பிறகு அவ்வளவு ஆர்வத்தோடு ஒரு காகிதத்தை நான் பார்த்ததில்லை. எண்களை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. காலைத் தாள் எல்லாமே ஒரே கையெழுத்து, பொறுப்பாளருடையது. பிற்பகல் தாளில் ஏழெட்டுக் கையெழுத்து. ஒருவர் பெரிய எழுத்துகளில், ஒருவர் சாய்த்து, ஒருவர் எழுதத் தெரியாமல் மூடியின் படம் வரைந்து பிசிறு வந்த இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். முன்சாமியை மாற்றிய வாரத்திலிருந்து பிற்பகல் தாளிலும் ஒரே கையெழுத்து. குறைகள் சட்டென்று பாதியாகியிருந்தன. திரும்பி வந்த பெட்டிகள் கூடியிருந்தன.

அவங்க சொல்லுவாங்க என்று அவர் சொன்னது பதில் தெரியாமல் சொன்னதல்ல, அதுதான் பதில். நான் அதைக் கேட்டேன், எழுதிக்கொண்டேன், இரண்டு போட்டேன்.

மறுநாள் மார்கரெட்டின் அறைக்குப் போனேன். அவர் மாண்டரின் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தோலை மேசை ஓரத்தில் வரிசையாக அடுக்குவது அவர் வழக்கம். தாள்களைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். என் மதிப்பெண் தப்பு, மாற்றவேண்டும் என்றேன்.

"முடியாது" என்றார். "இப்போ உங்களுக்கு முடிவு தெரியும். தெரிஞ்ச பிறகு போடுற எண் வெறும் சமாதானம்."

அது எனக்கும் தெரியும். அதே விதியை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எழுந்து வந்துவிட்டிருக்கலாம். என் ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியில் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது, வீட்டு மார்ட்கேஜ் இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. சிவநேசன் முதலில் மூன்று போட்டிருந்தார் என்று சொன்னேன்.

மார்கரெட் ஆரஞ்சைக் கீழே வைத்தார். மூன்று போட்டது முடிவு தெரிவதற்கு முன்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவராகவே மாற்றினாரா?

"நான் மாத்த வெச்சேன்" என்றேன்.

அவர் ஆரஞ்சுத் தோல்களை ஒன்றுசேர்த்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு, "வசந்தி, உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் சிவநேசனைக் கூப்பிடுங்கள்" என்றார்.

சிவநேசன் வந்தார். முதல் தாள் இருக்கிறதா என்று மார்கரெட் கேட்டதும் என்னைப் பார்த்தார். இருந்தால் கொண்டுவாருங்கள் என்று நான் சொன்னேன். அவருடைய நோட்டுப் புத்தகத்தில் நான்காக மடித்து வைத்திருந்தார். ஏன் வைத்திருந்தீர்கள் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "எறிய மனம் வரேல்ல அக்கா. நான் அதைத்தான் கேட்டனான்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடைமுறை, ஆனால் ஒவ்வொன்றும் எனக்கு வலித்தது. விதிமீறல் அறிக்கையை மார்கரெட் எழுதவில்லை, என்னை எழுதச் சொன்னார். மூன்று முறை திருப்பிக் கொடுத்தார். முதல் வரைவில் தாள் மாற்றப்பட்டது என்று எழுதியிருந்தேன். மாற்றியது யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லையே என்றார். அறிக்கை பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவுக்குப் போனது. நான்கு மாதம் நான் மதிப்பெண் போடக் கூடாது என்று முடிவானது. புதிதாகச் சேர்ந்தவர்களோடு உட்கார்ந்து பயிற்சி ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். அவர்களில் பாதிப் பேரை நேர்காணல் செய்து தேர்ந்தெடுத்ததே நான்தான். நான் முன்னின்று எடுத்த எல்லாப் பேட்டிகளையும் வேறொருவர் மறுபடி கேட்டார், என்னோடு உட்கார்ந்து கேட்டவர்களையெல்லாம் தனியாக விசாரித்தார். அப்படி நான் மாற்ற வைத்த இன்னொரு தாளும் இருந்தது. அது எனக்கு நினைவே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

சிவநேசனின் மூன்று மறுபடி ஏறியது. என் இரண்டு அப்படியே நின்றது. சராசரியில் அரை எண் கூடியது, அவ்வளவுதான். ஆனால் இருவரும் ஒரே எண் போடவில்லை என்றாகிவிட்டதால் கடிதத்தில் அந்த வரிக்கு இடமே கிடையாது. அதைத் திரும்பப் பெறவேண்டும்.

மார்கரெட்டும் நானும் போனோம். ஆலை மேலாளர் கிரெய்க், ஐம்பது வயதுக்காரர், பேச்சில் நேரானவர். திரும்பப் பெறும் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அப்படியானால் முன்சாமி நல்ல பொறுப்பாளர் என்கிறீர்களா என்று கேட்டார். "அது எங்களுக்குத் தெரியாது. அவர் சரியில்லைன்னு சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, அது மட்டும் தெரியும்" என்றார் மார்கரெட்.

கிரெய்க்குக்குக் கோபம் வந்தது. உங்கள் பேச்சைக் கேட்டுத்தானே ஆளை மாற்றினேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, இரண்டு ஷிஃப்டும் ஒரே மாதிரி நடக்கவேண்டும் என்று முன்பே தனக்கு எண்ணம் இருந்ததாகவும், எங்கள் கடிதம் அதற்கு ஒரு சாக்காக அமைந்ததாகவும் ஒப்புக்கொண்டார். மார்கரெட் அவருடைய ஆலையின் குறைத் தாள்களையே கேட்டு வாங்கி, முன்சாமி இருந்த ஒரு மாதத் தாள்களையும் அவரை மாற்றிய பிறகான ஒரு மாதத் தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கிரெய்க் தாள்களை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார்.

ஆறு வாரத்தில் முன்சாமியைப் பிற்பகல் ஷிஃப்டுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். லாரிப் பக்கம் சரக்கு எண்ணும் வேலை பாதியில் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று அவர் பத்து நாள் எடுத்துக்கொண்டாராம்.

அவருக்கு மதிப்பெண் போட்ட விஷயத்தைச் சொல்லிவிடவேண்டும் என்று நெறிக் குழு முடிவு செய்தது. நான் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆலையின் சாப்பாட்டு அறையில் அவர் ரொட்டியும் பீன்ஸ் கறியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்துக்கு இரண்டு, போட்டது நான், கடிதத்தில் அந்த வரி வந்தது என்னால்தான் என்று சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மன்னிப்பும் கேட்டேன். அதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

பிறகு, நான்கு வாங்கவேண்டும் என்றால் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று கேட்டார். கோபத்தில் கேட்ட கேள்வி அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். நான் விளக்கினேன். பிரச்சினையைப் பார்ப்பவரே பதிவு செய்கிறார், அவரே இயந்திரத்தை நிறுத்தலாம், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அவருக்குத் திரும்பச் சொல்லப்படுகிறது. இப்படி ஏதாவது உதாரணத்தோடு சொல்லியிருந்தால் நான்கு. அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"இது எல்லாம் நடக்குது அக்கா. ஆனா செய்யுறது நான் இல்லை, அவங்க. நீங்க அவங்களைக் கேட்டிருக்கலாமே?" அக்கா என்பதை மட்டும் தமிழில் சொன்னார், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்.

அவர் சொன்னதை அப்படியே மார்கரெட்டிடம் போய்ச் சொன்னேன். நிறுவனம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அத்தனை வருடமும் நாங்கள் மேலாளர்களை மட்டுமே கேட்டிருக்கிறோம். அவர்களில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு நல்ல எண் கிடைத்திருக்கிறது. மார்கரெட் ஒரு சிறிய அட்டையை எடுத்து, "எத்தனை பேருக்கு இப்படித் தப்பாக எண் போட்டிருக்கிறோம்?" என்று எழுதி என் கையில் கொடுத்தார். அவர் ஓய்வுபெறும்வரை மூன்று வருடம் அந்த அட்டைதான் எங்கள் வேலை. மேலாளரோடு, இயந்திரத்தில் நிற்பவர்களையும் பேட்டி எடுக்கத் தொடங்கினோம். முதல் ஆள் முன்சாமியின் ஷிஃப்டில் வேலை செய்த லோசா என்ற சமோவாப் பெண். இருபது நிமிடம் போதும் என்று அனுமதி வாங்கியிருந்தோம். ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். மூடியைக் கையில் வைத்து மடக்கினால் வருகிற சத்தத்திலேயே அச்சு எவ்வளவு சூடு என்று தெரியும் என்றார். காலைப் பொறுப்பாளரிடமும் இதைச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். அவர் கேட்கவில்லையே என்றார்.

இதை எழுதிவிட்டு, ஆகவே தொழிலாளரைக் கேட்டால் எல்லா ஆலையும் செழிக்கும் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஆகவில்லை. முன்சாமியின் முறையைப் பார்த்து அதே மாதிரி செய்த ஆலைகள் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் ஒன்றுமே மாறவில்லை. ஏன் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கட்டுரையிலும் அப்படியே எழுதினோம். அடிக்குறிப்பில் என் இரண்டையும், அது ஏன் மாற்றப்படவில்லை என்பதையும் மார்கரெட் சேர்த்தார். முதலில் அனுப்பிய ஆய்விதழ், முடிவு தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியது. இரண்டாவது ஏற்றுக்கொண்டது. என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. மார்கரெட் அதற்குப் பரிந்துரை எழுதினார் என்று தெரியும், என்ன எழுதினார் என்று தெரியாது.

நான் ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு மரச்சாமான் தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே மேலாளர் இளம்வயதுக்காரர், எங்கள் கட்டுரையைப் படித்தவர். ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு தாளும் நூலில் கட்டிய பேனாவும் தொங்கவிட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் குறையை எழுதலாம் என்று கூட்டம் போட்டும் சொல்லியிருக்கிறார். ஐந்து வாரமாக ஒரு வரி இல்லை. எல்லாம் சரியாகத்தானே செய்திருக்கிறேன், ஏன் எழுதமாட்டேன் என்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை, நான் சில நாள் இங்கே இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

பன்னிரண்டு நாள் போனேன். மரத்தூளுக்குத் தும்மிக்கொண்டு, ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பார்த்தேன். தாளைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள், தேவைப்படும்போது எழுதுவோம் என்பார்கள். எட்டாவது நாள் ஒரு பெண் எழுதப்போவதுபோல் பேனாவை எடுத்தார். தாளைப் பார்த்தார். திரும்பத் தொங்கவிட்டுவிட்டார். அவர் நகர்ந்ததும் நான் போய்த் தாளைப் பார்த்தேன். முதல் கட்டத்தில் அச்சிட்டிருந்த தலைப்பு, பெயர். முன்சாமியின் தாளில் பெயர் எழுத இடமே கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதுதான் காரணம் என்று நிச்சயமில்லை, அதை எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். மேலாளர் அன்றே புதிய தாள்களை அச்சிட்டுத் தொங்கவிட்டார். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாவது நாள் காலையில் அவர் ஒரு தாளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்து முகம் சுருங்க என்னிடம் நீட்டினார். ஒரே ஒரு வரி. சாப்பாட்டு அறை ஃப்ரிட்ஜின் கதவு சரியாக மூடுவதில்லை.

"இதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்?" என்றார்.

இதை இன்றைக்கே சரிசெய்துவிடுங்கள், அடுத்த வாரம்வரை போகவேண்டாம் என்றேன். அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஆளைக் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கதவுக்குப் புதிய ரப்பர் மாட்டியாகிவிட்டது. அன்று ஃப்ரிட்ஜைத் திறந்தவர்கள் எல்லோரும் இன்னொரு தடவை மூடித் திறந்து பார்த்ததை நான் மூலையில் உட்கார்ந்து கவனித்தேன்.

மறுநாள் காலை நான்காம் எண் ரம்பத்தின் தாளில் வேறொரு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. இந்த ரம்பம் பலகையை இரண்டு மில்லிமீட்டர் குறைவாக அறுக்கிறது, எட்டு மாதமாக.